நூற்று எண்பது இருக்கையில் நூற்று எண்பத்தொன்று

இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. ஜொகூர், செனாய் விமான நிலையத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எந்த விமானம் எத்தனை மணிக்கு, எதனால் தாமதமானது என்று எழுதி வைப்பதும் என் வேலைதான். அன்றைய தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து எண்களைக் கூட்டிப் பார்க்கலாம்.

என் பெயர் ஹேமநாதன். பயணிகளை ஏற்றி, எண்ணிக்கை சரியாக இருந்தால் கதவை மூடச் சொல்பவன் நான்.

போன வருடம் ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கூச்சிங் விமானம் பிற்பகல் 3.40க்குக் கிளம்ப வேண்டும்.

2.50 மணிக்கு ஒரு அம்மா என் கவுண்டருக்கு வந்தார். பெயர் காளியம்மா. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். அவர் மகள் ஷர்மினிக்கு வயது இருபத்தாறு. ஆசிரியை. சரவாக்கில் வேலை கிடைத்துப் போனவள். மூன்று நாளாக டெங்கி, கூச்சிங் மருத்துவமனையில் தீவிர சிகிச்சை. மகன் செல்வா முந்தின நாளே அங்கே போய்விட்டான்.

"டாக்டர் சீக்கிரம் வரச் சொல்லிட்டாரு தம்பி. பிளைட் நேரத்துக்குப் போயிரும்ல?"

அப்போது வடக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம். யாராவது தாமதத்துக்குக் காரணம் கேட்டால் முழுதாக விளக்குவேன். ஜொகூரின் இரண்டு பக்கமும் கடல். பகல் வெயிலில் நிலம் சூடாகும். இரண்டு கடலிலிருந்தும் காற்று உள்ளே வந்து நடுவில் மோதும். மோதிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி கிடையாது. அது ஏற ஏற, பிற்பகல் மூன்று மணிக்குள் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உயரமான மேகம் நின்றுவிடும். கூச்சிங்கிலிருந்து வரும் விமானம்தான் திரும்பக் கூச்சிங் போக வேண்டும். அது அந்த மேகத்துக்குள் இறங்காது. வெளியே வட்டமடிக்கும். எண்ணெய் குறைந்தால் கோலாலம்பூர் போய் நிரப்பிக்கொண்டு வரும்.

ஒரு தாளில் படமே போட்டுக் காட்டினேன்.

"மழைன்னு ஒரு வார்த்தையில சொல்லலாமே தம்பி," என்றார் காளியம்மா. "நீங்க வாத்தியாரா? என் மவளும் இப்படித்தான். சாம்பார்ல பருப்பு ஏன் அடியில போவுதுன்னு எனக்கே பாடம் எடுப்பா."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"போயிரும் அக்கா. கண்டிப்பா போயிரும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் படத்தில் காட்டியபடியே நடந்தது. விமானம் கோலாலம்பூர் போய்விட்டு 4.55க்குத் தரையிறங்கியது. ஆனால் மின்னல் எச்சரிக்கை இருந்தது. பறக்கும் விமானத்தை மின்னல் தாக்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மின்சாரம் அதன் வெளித் தகட்டின் மேலாகவே ஓடிப் போய்விடும். ஆபத்து தரையில் நிற்கும் ஆளுக்குத்தான். அதனால் சிவப்பு விளக்கு எரிந்தால் விமானம் நிற்கும் தளத்துக்கு ஒருவரும் போகக்கூடாது. எண்ணெய் ஊற்ற ஆள் இல்லை, பெட்டி இறக்க ஆள் இல்லை. விமானம் கண்ணெதிரே சும்மா நின்றது.

காளியம்மா கண்ணாடியில் கையை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடலுக்கு அந்தப் பக்கம் மகள். பஸ் பிடித்தாவது போகிறேன் என்று சொல்ல வழியில்லாத ஊர்.

5.32க்கு விளக்கு அணைந்தது. 5.55க்கு ஏற்ற ஆரம்பித்தோம். அடுத்த இடி மேகம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று வானிலைப் பிரிவு சொல்லியிருந்தது. அதற்குள் கிளம்பியாக வேண்டும்.

காளியம்மாவை நானே 23ஆம் வரிசை ஜன்னல் இருக்கையில் உட்கார வைத்தேன். அந்த வரிசையில் அவர் மட்டும்தான். இரண்டு ராத்திரி தூங்காத முகம். அவர் போனை வாங்கி பிளைட் மோடில் போட்டேன். அவருக்கு அதைச் செய்யத் தெரியாது.

6.18. கடைசிப் பயணி ஏறினார். வாசலில் ஸ்கேன் ஆனவர்கள் 131. நான் விமானக் கதவருகே நின்றேன்.

6.24. பணிப்பெண் ஆப்ரின் வந்தாள்.

"ணே, நூத்தி முப்பத்திரண்டு."

"மறுபடி எண்ணு."

எண்ணினாள். 6.28.

"அலமாக்... மறுபடியும் நூத்தி முப்பத்திரண்டு லா ணே."

ஒரு ஆள் அதிகம். இது சின்ன விஷயம் இல்லை. வேறு ஊருக்குப் போக வேண்டியவர் ஏறியிருக்கலாம். சீட்டே இல்லாதவர் ஏறியிருக்கலாம். ஏதாவது நடந்துவிட்டால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். எண்ணிக்கை சேராமல் கதவு மூடாது.

"மச்சாம் மானா?" என்ன ஆச்சு என்று கேப்டன் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு கூட இருக்கு. நான் பார்க்கிறேன்."

எண்ணும் கருவியைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று ஒரு எண் ஏறும். முன்னாலிருந்து நடந்தேன்.

டிக். டிக். டிக்.

6.33. கடைசி வரிசை. 132.

வேறு வழி ஒன்று உண்டு. தலைகளை விட்டுவிட்டுக் காலி இருக்கைகளை எண்ணுவது. காலி இருக்கை அசையாது, கழிவறைக்குப் போகாது, தப்பே வராது. பின்னாலிருந்து முன்னால் வந்தேன்.

காலி 49.

மொத்த இருக்கை 180. 49 காலி என்றால் 131 பேர். ஆனால் தலை 132.

132ம் 49ம்... 181.

எங்கள் வேலையில் அப்படி வருவதற்கு ஒரே காரணம்தான். மடியில் குழந்தை. இருக்கை பிடிக்காது, தலை மட்டும் கூடும்.

அன்றைக்கு அந்த விமானத்தில் ஒரு குழந்தைகூட இல்லை.

6.39. ஆப்ரினைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் சீட்டையும் வாங்கிப் பார்த்தோம். பயணிகள் முணுமுணுத்தார்கள். "ஒரு ஆள் கூட வருதாம்... எத்தனை தடவ எண்ணுவாங்க?" சீட்டு 131. எல்லாம் சரி. எவரும் மிச்சமில்லை.

வெளியே தூரத்தில் ஒரு வெளிச்சம்.

6.44. கடைசியாக ஒரு தடவை. வரிசை வரிசையாக, நின்று நின்று எண்ணினேன்.

22ஆம் வரிசை முடிந்தது. கருவியில் 96.

23ஆம் வரிசை. காளியம்மா மட்டும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

டிக்.

டிக்.

நின்றேன்.

கருவியைப் பார்த்தேன். 98.

ஒரு ஆள். இரண்டு டிக். அமுக்கியது என் விரல்தான்.

அந்த வரிசையில் மட்டும் குளிர்ந்தது. ஏசி குளிர் மேலிருந்து வரும். இது கீழிருந்து வந்தது.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன்.

தூக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது. மெல்ல. ஒரே தாளத்தில்.

தன் மடியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மடிக்கு ஒரு விரற்கடை மேலே... அந்தக் கை நின்று நின்று போனது.

தொடையில் படவே இல்லை.

"அக்கா..." என்றேன்.

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எழுப்பிடாதீங்க."

யாரை என்று நான் கேட்கவில்லை.



6.47. வெளியே சைரன். சிவப்பு விளக்கு.

அவ்வளவுதான். விமானத்தைப் பின்னால் தள்ளும் வண்டிக்காரர் உள்ளே ஓடிவிட்டார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். விமானிகளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று கணக்கு உண்டு. காலையிலிருந்து ஓட்டியவர்கள். 7.50க்குக் கேப்டன் தலையை ஆட்டினார். இனி கூச்சிங் போய்ச் சேர நேரம் போதாது. பயணம் ரத்து.

பயணிகளை இறக்கும்போது கதவருகே நின்று எண்ணினேன். 131. காளியம்மாதான் கடைசி. காலை நொண்டி நொண்டி வந்தார்.

"ரெண்டு காலும் மரத்துப் போச்சு தம்பி. யாரோ படுத்திருந்தாப்புல."

அவர் தோளைத் தாங்கிப் பிடித்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. இந்த போனைச் சரி பண்ணிக் குடுங்க. செல்வாட்ட பேசணும். நாளைக்கு காலைல வர்றேன்னு சொல்லணும்."

போனை வாங்கி பிளைட் மோடை எடுத்துவிட்டேன். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு என் கையிலேயே அது அதிர ஆரம்பித்தது. தவறிய அழைப்பு பதினேழு. அதற்குக் கீழே ஒரு செய்தி. படிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கண் படித்துவிட்டது.

மா அக்கா போயிட்டா மா. 6.21க்கு. போன எடுங்க மா.

போனை அவரிடம் கொடுக்க வேண்டும். என் கை நீளவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். போனைக் கேட்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

3.40க்கே கிளம்பியிருந்தால் 5.05க்கு இறங்கியிருப்பார். டாக்சி பிடித்து ஆறு மணிக்குள் மருத்துவமனை. இருபது நிமிடம் மகள் பக்கத்தில் இருந்திருக்கலாம். எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அந்த இருபது நிமிடம் வந்துகொண்டே இருக்கிறது.

அன்றைக்கு 8.30 மணிக்கு, தாமதத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஆப்ரின் வந்து நின்றாள்.

"ணே, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். 6.24க்கு முன்னாடியே நான் ஒரு தடவ எண்ணிட்டேன். கதவுகிட்ட வர்றதுக்குள்ள ஒரு பாட்டி தண்ணி கேட்டாங்க. நம்பர் மறந்துருச்சோன்னு மறுபடி முதல்லேர்ந்து எண்ணுனேன்."

"முதல் தடவை எத்தனை?"

"நூத்தி முப்பத்தொண்ணு. சரியா இருந்துச்சு."

"மணி?"

"6.19."

6.19க்கு 131. 6.24க்கு 132. நடுவில் அந்த ஐந்து நிமிடமும் கதவருகே நின்றவன் நான். ஒருவரும் ஏறவில்லை.

மறுநாள் காலை 7.10 விமானத்தில் காளியம்மாவுக்கு இடம் போட்டோம். எனக்கு விடுமுறை. ஆனாலும் போனேன். வேறு விமானம், வேறு பணியாளர்கள். வானம் துடைத்தாற்போல் இருந்தது. ஸ்கேன் ஆனவர்கள் 118. அவர்கள் எண்ணிவிட்டு 118 என்றார்கள். எதற்கோ நானும் கருவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மெதுவாக எண்ணினேன். காளியம்மா உட்கார்ந்திருந்த வரிசையில் நின்றேன். டிக்.

ஒரு டிக்தான்.

அவர் என்னைப் பார்த்தார். ராத்திரி முழுக்க அழுத கண். மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார்.

"இன்னிக்கு ஒரு ஆள் கூடுதலா வரலயா தம்பி?"

"இல்லக்கா. சரியா இருக்கு."

கொஞ்ச நேரம் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கதவ மூடிருங்க," என்றார்.