இறங்காதே என்று சொன்ன பெரியப்பா

எங்கள் பெரியப்பா ஒரு வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடும் என்று சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு இருந்தது. எங்கள் சொந்த ஊரான கௌதள்ளியில் தாத்தா விட்டுப்போன நிலத்தில் அவருடைய பங்கு போனது, அப்படி அவர் ஒருமுறை வந்துபோன பிறகுதான். வேலைநிறுத்தத்தில் இருந்த கப்பல்காரர்களின் வீடுகளுக்கு அரிசி வாங்க விற்றதாக அவர் சொன்னார். பம்பாயில் மாடிவீடு வாங்கிவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள். இன்னொருமுறை வந்தபோது சித்தப்பா வீட்டு எருமை செத்தது. அதற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகையால் ஒரு தசரா லீவில், யாரும் கூப்பிடாமல், தோளில் ஒரு பையோடு அவர் மைசூரில் எங்கள் முன்னால் வந்து நின்றபோது, ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், எங்களிடமிருந்து போவதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். ரிங் ரோட்டைத் தாண்டி புது லேஅவுட் ஒன்றில், யாரோ ஒரு டாக்டர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அங்கே கொத்தனார். வேலை முடிந்தபின் அவரே காவல். அம்மா சித்தாள். வீடு எங்களுடையது அல்ல, மணல் எங்களுடையது அல்ல, செங்கல் எங்களுடையது அல்ல. போவதற்கு மாமன் ஒருவர்தான் இருந்தார். அவரும் கடலில் இருந்தார்.

மாமன் அம்மாவின் தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கொள்ளேகாலில் ஓட்டலில் சமையல் பழகி, ஒரு ஏஜென்ட் மூலமாகச் சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனார். வளைகுடாப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே அந்தக் கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, முதலாளி கையை விரித்துவிட்டார். மாதக்கணக்காகச் சம்பளம் இல்லை. டீசல் தீர்ந்துபோனதால் விளக்கும் இல்லை. குடிக்கிற தண்ணீர் எப்போதாவது படகில் வரும். அம்மா மணல் சலிக்கும்போது அழுவாள். கேட்டால் தூசி என்பாள்.

பெரியப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு வகையாகவே தெரியும். பதினாறு வயதில் ஊரைவிட்டு ஓடியவர், அல்லது துரத்தப்பட்டவர். கப்பலில் எண்ணெய் துடைக்கிற வேலையில் சேர்ந்து, கப்பல் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆனவர். அல்லது வேலை செய்யச் சோம்பிச் சங்கத்துக்குப் போனவர். கூலி வாங்காமல் நங்கூரம் தூக்க மாட்டோம் என்று ஏணியை மேலே இழுத்துக்கொண்டு முதலாளியின் ஆட்களையே கப்பலில் ஏறவிடாமல் செய்தவர் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவருடைய புருவத்தை இரண்டாகப் பிளந்திருந்த தழும்பு அப்போது வாங்கிய அடியாம். சாராயக் கடையில் வாங்கியது என்பது சித்தப்பாவின் கட்சி. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். ஊரார் பிள்ளைகளுக்காகக் கப்பல் கப்பலாக ஏறி இறங்கியவர், தன் ஒரே பையனைக் கடல் பக்கமே விடாமல் பேங்க் வேலையில் உட்காரவைத்திருந்தார்.

கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. மச்சாண்டார் எதிரில் உட்காரக்கூட மாட்டாள். ஆனால் எங்களுக்கு இருந்தது முன்பக்கத்து ஒரு அறையும், பாதி எழும்பிய ஒரு சுவரும்தான். பூசாத அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பாள். இந்தப் பக்கம் சிமெண்ட் மூட்டைமேல், ரோட்டைப் பார்த்தபடி, பெரியப்பா. நடுவில் நான்.

“உங்க பெரியப்பாகிட்டக் கேளு சாமி, மாமன் எப்ப வருவான்னு.”

நான் திரும்பி, “மாமன் எப்ப வருவார்னு அம்மா கேக்குது” என்பேன்.

“கேட்டுச்சு. கூட்டியாந்தர்றேன்னு சொல்லு.”

“கூட்டிட்டு வந்துருவாராம்.”

“அதான் எப்பன்னு கேட்டேன்.”

“எப்பன்னு…”

“அரே, அதுவும் கேட்டுச்சுப்பா.”

இப்படி மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பேசிக்கொண்டோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் என்னைக் கேட்காமல் எதுவும் நகராது. அதோடு ஒருவரை உளவு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

உளவு பார்க்க ஆரம்பித்தேன். அவர் எங்கேயும் போவதில்லை. மைசூருக்கு வந்தவர் அரண்மனை விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டில் ஒரு கார் மெதுவாகப் போனால் எழுந்து நிற்பார். போன் வந்தால் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் போய் ஹிந்தியில் பேசுவார். அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் ஹிந்தி ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பது அவருக்கு உறைக்கவில்லை போலும். ஒருநாள் குவியலின் இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்தேன். “மத் உதர்னா, கோயி பீ மத் உதர்னா” என்றார் அவர். பஸ்ஸிலிருந்து ஒரு பாட்டி இறங்குகிற பாடத்தில் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். கப்பலை விட்டு யாரும் இறங்காதீர்கள் என்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும், ஜல்லிக்கு அந்தப் பக்கம் இறங்காதே என்றும் சொல்கிற ஒரு மனிதரை நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பூச்சுக் கரணையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினார்.

“எங்கண்ணன் காரணமில்லாம ஒரு எடத்துக்கு வராது” என்றார் கடைசியில். அது பெரியப்பாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்கும் பிடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மாமனின் கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் முதல்முறை வந்தபோது பெரியப்பா குளிக்கப் போயிருந்தார். வெள்ளைக் கார், இஸ்திரி கலையாத சட்டை. பெங்களூரிலிருந்து இதற்காகவே வந்ததாகச் சொன்னார். என்னைக் காருக்குள் உட்காரவைத்து ஏசியைப் போட்டுக்காட்டி, ஹாரனை அடிக்கவும் விட்டார். மாமன் வந்ததும் எல்லோரும் சேர்ந்து தசரா எக்ஸிபிஷன் போகலாம் என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு விஷயம் பேசியதில்லை.

“நானும் உங்களுக்குத் தம்பி மாதிரிதாங்கா. உங்க தம்பிய எறக்க நாங்க ரெடி. யாரோ ஒருத்தர்தான் வேணாம்னு தடுக்கறாங்க. அது யாருன்னு நான் சொல்லக் கூடாது.” சொல்லிவிட்டு அவர் பெரியப்பா உட்காராமல் காலியாகக் கிடந்த சிமெண்ட் மூட்டையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வந்தது மத்தியானச் சாப்பாட்டு வேளையில். அப்பா மேலே சாரத்தில் இருந்து இறங்கி வந்தார். இந்தமுறை பெரியப்பா மூட்டைமேல்தான் இருந்தார்.

“வணக்கம் தலைவரே. நீங்க இங்கயா?” என்றார் கம்பெனிக்காரர், தெரியாதவர்போல.

“வாங்க தம்பி. டீ போடச் சொல்லலாம், சக்கரை தீந்துபோச்சு. கப்பல்லயும் தீந்துபோச்சாமே?”

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டுச் சுவரின் பக்கம் திரும்பினார். மாமனின் கப்பலோரம் இந்த நிமிஷம் ஒரு படகு நிற்கிறது, படகில் இருக்கிற ஆளின் போனில் மாமன் லைனில் இருக்கிறார், அக்கா ‘இறங்கி வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் படகில் இறங்கிவிடுவார், வெள்ளிக்கிழமை பெங்களூர் ஏர்போர்ட்டில் இருப்பார். “அவருக்கு எறங்க ஆசைதாங்கா. நீங்க சொல்லணும்னு நிக்கிறார்.” போனைச் சுவருக்கு மேலே நீட்டினார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். “சாமி, உங்கம்மாகிட்டச் சொல்லு. அத்தன பேர விட்டுட்டு இவன மட்டும் ஏன் எறக்கறாங்கன்னு கேக்கச் சொல்லு. சமையக்காரன எறக்கிட்டா மத்தவங்க பசி தாங்காம ரெண்டு நாள்ல எறங்கிருவாங்க. அப்பறம் புது ஆளுகள ஏத்தி ராவோட ராவா கப்பல ஓட்டிட்டுப் போயிருவாங்க. ஆளு கப்பல்ல இருக்கிற வரைக்குந்தான் முதலாளி பேச வருவான். கோர்ட்டுல கேசு நடக்குது. இன்னுங் கொஞ்ச நாள்.”

இவ்வளவு நீளமாக எனக்கு யாரும் சொல்லி அனுப்பியதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து நிமிர்ந்து பார்த்திராத முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒன்னு கேக்கறேன். உங்க பையன் அந்தக் கப்பல்ல இருந்தா, இதையே சொல்லுவீங்களா?”

பெரியப்பா ரோட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“சொல்ல மாட்டேன்” என்றார். “எறங்கி வாடா கண்ணுன்னுதான் சொல்லுவேன். சொல்றது தப்பு. ஆனாச் சொல்லிருவேன்.”

கம்பெனிக்காரர் கையைத் தட்டாத குறை. “கேட்டீங்களாக்கா? அவர் வாயாலயே வந்துருச்சு பாருங்க!” எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் பிடித்ததை, அம்மா எல்லோர் முன்னாலும் பிடித்துவிட்டாள். இனி அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். “சாமீ” என்றாள். நல்லாயிருக்கியா என்றாள். தண்ணி வருதா என்றாள். “பக்கத்துல ஆரு நிக்கறாங்க?… எல்லாருமா?… அவுங்களுக்கெல்லாம் இன்னைக்கு ஆக்கிப் போட்டியா?” அந்தப் பக்கம் மாமன் என்ன சொன்னாரோ, அம்மா முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

“செரி. நீ எறங்காத. எல்லாரும் எறங்கறப்ப எறங்கு.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கம்பெனிக்காரர் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தார். அப்புறம் பேச்சின் சூடு ஏறியது. அவனுக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்றார். தம்பி மாதிரி என்பதை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. அப்பா கரணையோடு இரண்டடி முன்னால் வந்ததும் காரில் ஏறினார். எக்ஸிபிஷனும் அந்தக் காரோடு போய்விட்டது.

பெரியப்பா என்னிடம் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கி, பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். குற்றம் செய்தவனுக்குத்தான் தண்ணீர் வாய்க்குள் போகாது என்று அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்னால் கோர்ட்டில் அந்தக் கப்பலை ஏலத்தில் விட்டு, எல்லோருக்கும் பாக்கிச் சம்பளம் கொடுத்து, எல்லோரையும் ஒரே படகில் இறக்கினார்கள். மாமன் பாதி ஆளாக, உடம்பெல்லாம் உப்புத்தண்ணீர்ப் புண்ணோடு வந்து சேர்ந்தார். ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த மத்தியானத்தில் இப்படி முடியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பின் முன்னால் தனியாக இருந்தபோது போய் உட்கார்ந்தேன். பெரியப்பாவுக்கென்று கோழி வாங்கியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவரே ஒத்துக்கிட்டாரல்லம்மா, தம் பையனா இருந்தா எறங்கச் சொல்லுவேன்னு? அப்பறமும் ஏன் அவர் பேச்சக் கேட்ட?”

அம்மா மசாலா அரைத்த கையை நிறுத்தாமலே, “மறைக்காம ஒத்துக்கிட்டாரு பாரு, அதனாலதான்” என்றாள்.

நான் கேட்டது அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, இன்னும் உரக்க, முதலிலிருந்து மறுபடி கேட்டேன்.