இருபது கிலோ இசக்கி

ஐந்து வயதில் ஒரே ஒரு நாள் நான் இசக்கியாக இருந்திருக்கிறேன். காலை பத்து மணியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும். அதற்குக் கூலியாக ஒரு புதுக் கவுனும் இரண்டு அவித்த முட்டையும் கிடைத்தன.

உண்மையான இசக்கிக்கு அப்போது நாலு வயது. தென்காசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஒரு தெரு உண்டு. அவள் அம்மாவும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை சுற்றுவாள். அந்தத் தெருப் பிள்ளைகள் புகையிலைத் தூசியில் புரளாமல் இருக்க, கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டுப் பணத்தில் ஒரு காப்பகம் நடந்தது. என் சித்திதான் அங்கே டீச்சர். சத்துமாவுக் கஞ்சி, சுண்டல், தினம் ஒரு முட்டை. மாதம் ஒருமுறை உத்தரத்தில் தொங்கும் தராசில் எடை பார்ப்பார்கள். அதில் ஜட்டி மாதிரி தைத்த ஒரு துணிப்பை ஆடும். பிள்ளையை அதற்குள் கால்விட்டு இறக்கித் தொங்கவிட்டு, எடையை அட்டையில் புள்ளியாக வைப்பார்கள். பச்சையில் விழுந்தால் தேவலை, சிவப்பில் விழுந்தால் மோசம். இசக்கி சேரும்போது எட்டு கிலோ. முட்டையும் கஞ்சியுமாகப் பதினொன்றுக்கு வந்திருந்தாள். அப்படியும் சிவப்பைத் தாண்டவில்லை.

நான் காப்பகத்துப் பிள்ளை அல்ல. அப்பாவுக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை. சீசனில் விற்றது போக மிஞ்சிய நேந்திரங்காய் சிப்ஸ் எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. என்னைப் பார்த்தாலே தெரியும்.

அந்த ஆடிச் சாரலில், பணம் அனுப்பும் நாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. சித்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இவ்வளவு முட்டை போட்டும் பிள்ளைகள் இப்படித்தானா என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் இருந்தவளிடம் இசக்கியின் அம்மா வந்து நின்றாள். கூட இன்னும் எட்டு அம்மாக்கள்.

"வெள்ளக்காரவ முன்னால எம்பிள்ளய எலும்பும் தோலுமா நிறுத்தப் போறியளா டீச்சர்? போட்டோ புடிச்சு அவிய ஊர்ல காட்டுவாவ. பெத்தவ சோறு போடலன்னுதான சொல்லுவாவ? கேவலம்லா."

சித்திக்கு வழி கிடைத்துவிட்டது. சொந்தக்காரர் வீடுகளில் கொழுகொழு பிள்ளை எங்கெங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒன்பது பேரை இரவல் வாங்கினாள். அசல் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டோடு இசக்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்டார்கள். என் அம்மாவுக்குக் கண்ணேறு பயம் மட்டும்தான். என் உள்ளங்காலில் பெரிதாக ஒரு மைப்பொட்டு வைத்து அனுப்பினாள்.

"ஏட்டி, பேரு கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள் சித்தி.

"இசக்கி."

"அம்மா என்ன செய்யுதா?"

"பீடி சுத்துதா."

வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். பேச்சைத் தமிழில் சொல்ல மெட்ராஸிலிருந்து ஒருவர். என்னைத் துணிப்பையில் இறக்கினார்கள். தொடை மாட்டிக்கொண்டது. சித்தி மேலிருந்து அமுக்க, மெட்ராஸ்காரர் கீழிருந்து காலை இழுக்க, ஒருவழியாகத் தொங்கினேன். முள் சர்ரென்று இறங்கி இருபதில் நின்றது. சித்தி புதிதாக எழுதி வைத்திருந்த இசக்கியின் அட்டையில் புள்ளி பச்சையையும் தாண்டி விழுந்தது. கேட்டதற்கெல்லாம் பிசகாமல் பதில் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படிக் கைதட்டு விழுந்ததில்லை.

அந்த நாட்டில் இதற்கென்று ஒரு சட்டமே இருந்ததாம். சித்தி வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எங்கே மிகவும் நலிந்து கிடக்கிறார்களோ அங்கேதான் முதலில் பணம் போக வேண்டும். போன பணம் என்ன செய்தது என்று நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். நல்ல சட்டம்தான். குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆள் வருகிறது என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைக்கிற ஊர் ஒன்று உண்டு என்பது மட்டும் அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போதும் ஏதோ ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு சட்டம் பேசப்படுகிறது என்று செய்தியில் வந்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது பையில் மாட்டிக்கொண்ட என் தொடைதான்.

தீபாவளிக்கு முன்னால் பதில் வந்தது. கூடவே வழவழப்பான தாளில் ஒரு பாராட்டுப் பத்திரம். இங்கே பிள்ளைகள் நன்றாகத் தேறிவிட்டார்கள், சித்தியின் உழைப்புக்கு நன்றி, இனி இந்தப் பணம் இதைவிட நலிந்த பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தது. சித்தி உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். அதை அனுப்பினால் ஒன்பது அம்மாக்களையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அவளே கிழித்தும் போட்டாள். அவள் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. வேலை போனதற்காக அழுகிறாள் என்று வீட்டில் சொன்னார்கள். மார்கழியில் காப்பகத்தைப் பூட்டினார்கள். பத்திரத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அது உள்ளேயே சுவரில் மாட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் வாசலில் நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். இசக்கியின் அம்மா சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தாள். இடுப்பில் இசக்கி. முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தாள். இருமிக்கொண்டே இருந்தாள்.

"நீதான எம்பிள்ள பேர்ல தொங்குன?"

ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

"எவ்வளவுட்டி வந்துச்சு?"

"இருபது கிலோ."

அவள் இசக்கியைக் கீழே இறக்கிவிட்டாள். என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சேலையில் புகையிலை வாடை அடித்தது. ஒருதரம் என்னை மேலே ஏற்றிக் கனம் பார்த்தாள்.

"இவ்வளவு கனமாவா இருந்தா எம்பிள்ள" என்றாள், யாரிடமோ கேட்பதுபோல.

இறக்கிவிடாமல் அப்படியே நின்றாள். அவளுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கீழே இசக்கி சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கே இறக்கிவிட்டுவிடுவாளோ என்று அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.