சாட்சி நேரம்

எங்கள் சபைக்குக் கோபுரம் கிடையாது, மணியும் கிடையாது. செட்டியார்பட்டியில் தறிக்கூடங்களுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பேண்டேஜ் துணிக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த குடோன் அது. மேலே தகரக் கூரை. சித்திரை மாதத்தில் பாஸ்டர் நரகத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் அப்படிச் சொல்லலாம். அந்தக் குடோனைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, ஃபேன் மாட்டி, ஜனங்கள் உட்காரும் இடமாக்கியதில் பாதி வேலை அவருடையது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்தவள். வைத்தியநாத சுவாமி கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். கல்யாணமாகி இங்கே வந்து, அவரோடு சபைக்குப் போக ஆரம்பித்ததும் என் அண்ணன் கேலி செய்தான். "வைத்தியம் பாக்குற சாமிய வாசல்ல வச்சுக்கிட்டு, வைத்தியம் பாக்குற இன்னொரு சாமியத் தேடி பஸ் ஏறிப் போறியாக்கும்." உண்மையில் நான் சாமிக்காகப் போகவில்லை, மனுஷருக்காகப் போனேன். நான் சபைக்குப் போகத் தொடங்குவதற்கு முன், முதல் பிள்ளை தங்காமல் போய் ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அதுவரை அவர்களை நான் பார்த்ததில்லை. ஒருத்தி என் சிக்குப் பிடித்த தலையை மெல்ல வாரிப் பின்னிவிட்டாள். இன்னொருத்தி கஞ்சி ஊட்டினாள். இரண்டு பேரும் அன்று ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் நான் சபையை விடவும் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, அப்பமும் திராட்சரசமும் கொடுப்பதற்கு முன், எல்லோரும் எழுந்து நின்று எங்கள் விசுவாச அறிக்கையைச் சொல்வோம். கடவுள் ஒருவர். இயேசு நமக்காக மரித்தார், உயிரோடு எழுந்தார், மறுபடி வருவார். வேதம் சத்தியம். தண்ணீரில் மூழ்கி எழுந்து புது வாழ்வு தொடங்குகிறோம். அவர் இன்றைக்கும் நோயைக் குணமாக்குகிறார். கடைசியாக, ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைப்பதற்காகவே இந்தச் சபை கூடுகிறது. அந்தக் கடைசி வரி எங்கள் பாஸ்டர் சேர்த்தது. அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்.

பிரசங்கத்துக்கு முன்பு சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று முழங்கும். எங்கள் ஆட்கள் எதையும் விடமாட்டார்கள். காணாமல் போன ஆடு திரும்பி வந்ததும் சாட்சி, மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் சாட்சி. ஒரு மனுஷர் தன் மாமியார் ஊருக்குத் திரும்பிப் போனதையே சாட்சியாகச் சொல்லி, கூட்டமும் யோசிக்காமல் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் வீடு வந்து சேரும்வரை சிரித்தோம்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் கிடைக்காத ஒன்றைக் கிடைத்துவிட்டதாகவே சொல்வது. 'சுகமாகும்' என்று சொன்னால் அதில் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். 'சுகமாகிவிட்டேன்' என்று சொல்லிவிட்டால், சொன்ன வாயைக் கடவுள் கைவிட மாட்டாராம். பாஸ்டர் இதைச் சட்டமாகப் போடவில்லை. எப்படியோ வந்து எங்களோடு தங்கிவிட்டது. பெரிய தீங்கு என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தபோது சபை எங்களைத் தாங்கியது. இதை நான் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். மதுரையில் ஆபரேஷன் நடந்த அன்று பாஸ்டர் வராந்தாவில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றார். ரத்தம் கொடுக்கச் சபைப் பையன்கள் வேனில் வந்து இறங்கினார்கள். "மருந்தும் ஆண்டவர் குடுத்ததுதான், ஊசியப் போடாம விட்றாதிய" என்று பாஸ்டரே படித்துப் படித்துச் சொன்னார். எங்கள் வீட்டு அடுப்பு பல நாள் எரியவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஊசி மருந்தெல்லாம் முடிந்து, அவருக்கு முடி முளைக்க ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. "ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டார்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மாதா மாதம் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் தகரக் கூரை அதிர எழுந்த அந்த ஸ்தோத்திரத்தில் நானும் அழுதேன், நானும் கை தட்டினேன். யாருக்குத்தான் அதை நம்பப் பிடிக்காது?

அன்று கடைசி வரிசையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் வலிப்பு வரும் பெண்குழந்தை. யாரோ சொல்லி முதல் தடவையாக வந்திருந்தாள். இவருடைய சாட்சியைக் கேட்டுத்தான் அவள் தொடர்ந்து வர ஆரம்பித்தாள். அடுத்த மழைக்குப் பிறகு செண்பகத்தோப்பு ஓடையில் அவளுக்கு ஞானஸ்நானம். அத்தனை பேர் வேனில் போவதைப் பார்த்து ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். "சாமி கும்பிடப் போறோம்" என்றார் பாஸ்டர். காட்டுக்குள் கோயிலுக்குப் போகிற கூட்டம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அவள் தண்ணீரில் இறங்கும்போது குழந்தையை இவரிடம் கொடுத்தாள். அவள் மூழ்கி எழுந்து, ஈரத் தலையோடு கரையேறி, முதலில் என்னிடமோ பாஸ்டரிடமோ வரவில்லை. இவரிடம் வந்து, "அண்ணே, ஒங்களுக்குக் குடுத்தவரு எம்பிள்ளைக்கும் குடுப்பாருல்லா?" என்று கேட்டாள். "கண்டிப்பா குடுப்பாரும்மா" என்றார். கரையில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டே நின்றார். வழுக்கும் என்று பிடித்திருக்கிறார் என்றுதான் நான் எண்ணினேன்.

கொஞ்ச நாளில் அவர் சபையில் தரையில் உட்காருவதை நிறுத்தினார். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது, பைக்குகளை ஒழுங்காக நிறுத்த வைப்பது என்று ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். சாவின் வாசல் வரை போய்வந்த மனுஷர், உட்காரக்கூட மாட்டேன் என்று ஊழியம் செய்கிறாரே என்றார்கள். எனக்கும் பெருமைதான். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை ஒருத்தருக்கும் காட்டாமல் மறைக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

எனக்குத் தெரியவந்தது மருந்துக்கடை பாய் மூலமாக. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை. எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போயிருந்தேன். பாய் மாத்திரையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"தங்கச்சி, கேக்கேன்னு தப்பா எடுக்கக் கூடாது. மச்சானுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காவ பாய்."

"நல்லா இருக்கிறவுக எதுக்கும்மா இம்புட்டு வலி மாத்திர வாங்குதாக? இனிமே டாக்டரு சீட்டு இல்லாமத் தரமாட்டேன்னு நேத்து சொல்லிட்டேன். செத்த நேரம் இந்த ஸ்டூல்ல உக்காந்து, வேர்த்து ஊத்திப் போனாக."

நான் தலைவலி மாத்திரையை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தறிக்கூடத்து வேலையிலிருந்து அவர் சாப்பிட வந்திருந்தார். தட்டில் மோர்சாதம், அதுவும் பாதி அப்படியே இருந்தது. கொஞ்ச நாளாகவே காரம் வேண்டாம், குழம்பு வேண்டாம் என்று வெறும் மோர்சாதம்தான். உடம்பைப் பேணுகிறார் என்று நினைத்து நானும் தயிராக உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கித் தூர வைத்தேன்.

"வலிக்கா, இல்லியா? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

எச்சில் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, "வலிக்கு" என்றார்.

"எப்ப இருந்து?"

"ஓடைக்குப் போனம்லா, அதுக்கு முந்தியே."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் என்ன அந்நியமா?"

"எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன்லா. அம்புட்டுப் பேரும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாவ. இப்பப் போயி வலிக்குன்னு சொன்னா ஆண்டவரப் பொய்யராக்குன மாதிரி ஆயிரும். ஒங்கிட்டச் சொன்னாலும் நான் நம்பலன்னுதான அர்த்தம்? அந்தப் புள்ளயோட ஆத்தா வேற என்னயத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. நான் விழுந்துட்டா அவ யாரப் புடிச்சு நிப்பா?"

நான் கத்தினேன். கடவுளையும் சேர்த்துத்தான் திட்டினேன். ஒரு மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உம் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலையிலா நீர் இருக்கிறீர் என்று கேட்டேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. வலி தாங்கமுடியாமல் சுவரில் சாய்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டதில் அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். சாட்சி சொன்ன பிறகு நாங்கள் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை. கல்லீரல் வரை பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நானும் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார், ஆனால் இவ்வளவு வலியைத் தாங்கியிருக்க வேண்டியதில்லை என்றார். முதல் பதிலை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். இரண்டாவதை ஏற்க இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. சபைக்கு 'உடம்பு கொஞ்சம் முடியல' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஜெபிக்க வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் படியிறங்கும் வரை சிரித்துவிட்டு, பிறகு தலையணையைக் கடித்தார். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தபடியே போனார். விசுவாசத்தில் கடைசிவரை குறையவில்லை, அதையும் நான் மறைக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்து முதல் ஞாயிறு. அன்று சாட்சி நேரத்தில் பாஸ்டர் என்னைக் கேட்டுக்கொண்டார், "சிஸ்டர், பிரதரோட சாட்சியுள்ள வாழ்க்கயப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க." எழுந்து நின்றேன். நல்லவிதமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சத்தியம் வேறு செய்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது.

"அவியளுக்கு வலிச்சுது" என்றேன். "பூரண சுகம்னு ஒங்க முன்னால சொன்னதுக்குப் பொறவும் வலிச்சுது. நீங்க வருத்தப்படுவியன்னு சொல்லல. எங்கிட்டயும் சொல்லல. ஆண்டவர நம்புனாவ. வலியும் இருந்துச்சு. ரெண்டும் நெசம்."

உட்கார்ந்தேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. என்னை இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுதான் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து அந்த இளம்பெண் எழுந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, எம்பிள்ளைக்கு முந்தாநாளும் வலிப்பு வந்துச்சு. சுகமாயிட்டுன்னு நானும் சாட்சி சொல்லியிருந்தேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாகளேன்னுதான் வெளிய சொல்லல."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். இவர் அவளுக்காக மறைத்தார். அவள் இவருக்காக மறைத்திருக்கிறாள். வாசலில் அவர் நின்று வணக்கம் சொல்ல, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி உள்ளே போன அத்தனை ஞாயிறுகளும் எனக்கு நினைவுக்கு வந்தன.

பாஸ்டர் மேடையை விட்டுக் கீழே இறங்கினார். வேதத்தை நாற்காலியில் வைத்தார். "வேற யாருக்கு வலிக்கு? கையத் தூக்குங்க" என்றார். ஒருத்தரும் தூக்கவில்லை. பிறகு அவரே தன் கையைத் தூக்கினார். அதைப் பார்த்துத் தபேலா வாசிக்கிறவர் தூக்கினார். ஆஸ்பத்திரியில் எனக்குத் தலை வாரிவிட்டவள் தூக்கினாள். அவளுக்கு அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கி, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கைகள் எழுந்துகொண்டே இருந்தன.

அத்தனை பேரும் போன வருஷமும் இதே கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.