கதவுச் சத்தம் எந்தப் பிரிவில்?

பகலெல்லாம் பல் செட் செய்யும் பட்டறையில் மெழுகோடும் அச்சோடும் மல்லுக்கட்டுகிறவள், வீடு வந்து முகம் கழுவியதும் கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். இணையதளங்களை வகைபிரித்து அடுக்கிவைக்கும் ஓர் இணையத் தொகுப்பில் 'வீட்டுப் பழுது' பிரிவு அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. தங்கள் தளத்தையும் சேர்க்கச் சொல்லி யார் யாரோ அனுப்புவார்கள். எதை முதலில் பார்ப்பது என்பது அவள் இஷ்டம்.

பஸ் ஓட்டும் கணவனுக்கு இது பிடிபடவே இல்லை.

"முதல்ல வந்தவங்கள முதல்ல ஏத்த வேண்டியதுதானே?"

"இது பஸ் இல்லீங்க. குழாய் ரிப்பேர்க்காரங்க ஏற்கெனவே பிதுங்கி வழியுறாங்க. இன்னொருத்தர் காத்திருந்தா குடி முழுகிடாது. நம்மகிட்ட இல்லாதது எது வந்திருக்குன்னுதான் முதல்ல தேடுவேன். 'உலகிலேயே சிறந்தது'ன்னு தலைப்புலயே கத்துறவங்க கடைசி."

"பிரிவு மாத்தி அனுப்பினா?"

"உரிய இடத்துக்குத் தள்ளிவிடுவோம். அப்புறம் அங்க இருக்கவர் பாடு."

அப்படித் தள்ளப்பட்டுத்தான் 'கதவுச் சத்தங்கள்' என்ற தளம் அவளிடம் வந்தது. இசைப் பிரிவுக்காரர் கட்டடப் பிரிவுக்குத் தள்ள, அவர் இங்கே தள்ளியிருந்தார். படிவத்தில் விவரம் கேட்ட இடத்தில் 'கேட்டுப் பாருங்கள்' என்று மட்டும் இருந்தது. அவளும் தள்ளிவிட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, திறந்தாள்.

கீச்சென்று ஒரு சத்தம். கீழே, 'கீலில் துரு.' அடுத்தது முனகியது: 'மழையில் மரம் உப்பியிருக்கிறது.' யாரோ ஒரு தச்சர் பதிவுசெய்து வைத்திருந்தார். கணவன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றான்.

"என்ன அது, பூனையா?"

"கதவுங்க."

"அட! அடுத்தத போடு."

சாப்பாடு ஆறிப்போனது. மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை அன்றே சேர்த்தாள். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, தன் போன் எண்ணையும் சேர்த்துத் தச்சருக்கு எழுதினாள். மறுநாள் தச்சரே போனில் கூப்பிட்டார்.

"அது கிடக்கட்டும்மா. உங்க வீட்டுக் கதவு எப்படிக் கத்துது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளியலறைக் கதவைக் கணவன் ஆட்ட, அவள் போனை நீட்டிப் பிடித்தாள்.

"மெதுவா ஆட்டுங்க!"

"மெதுவா ஆட்டுனா வாயே திறக்க மாட்டேங்குது!"

ஒருவழியாகக் கதவு விசில் மாதிரி ஏதோ ஊதியது.

"இது நான் கேட்டதே இல்லையே," என்றார் தச்சர். "எண்ணெய் கிண்ணெய் போட்டுடாதீங்கம்மா. வீடு எந்தப் பக்கம்?"