செவலையின் தோலுக்குள் இருந்தவை

கொட்டகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். போன மழைக்காலத்தில் ஒரு செவலைப் பெட்டை நாய்க்குட்டி எங்கிருந்தோ வந்து அந்த வாசலில் படுத்துக்கொண்டது. சாயங்காலமானால் என் பின்னாலேயே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்துவிடும்.

அதற்கு ஏழெட்டு மாதமானபோது கண்ணைச் சுற்றி முடி கொட்டியது. பிறகு வாயோரம், முன்னங்கால்கள் என்று வட்டம் வட்டமாகத் தோல் தெரிந்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன். வட்டங்கள் பெரிதாகின.

கைக்குழந்தையோடு வருகிற ஒருத்தி ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, எம்புள்ளைக்கு இந்தச் சொறி ஒட்டிக்கிட்டா என்ன செய்றது? இது இங்க கெடந்தா நான் புள்ளயக் கொண்டாற மாட்டேன்."

அவள் பயத்தில் தப்பில்லை. அன்றே குட்டியை லயத்தில் கட்டிப்போட்டேன். என் கணவர் ஒரு போத்தலில் லொறியின் கழிவு ஒயிலைக் கொண்டுவந்தார்.

"எங்கப்பா எல்லா நாய்க்கும் இதத்தான் தடவுவாரு."

"தடவுன நாயெல்லாம் பொழச்சிச்சாங்க?"

அவர் யோசித்தார். "ஒண்ணு செத்துப்போச்சு," என்றார். போத்தலைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அவரே ஓட்டோவைக் கூட்டிவந்தார். குட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.

மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். என்னைவிட இளையவர். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் தமிழிலேயே கேட்டார். நாய் சொறிகிறதா, வீட்டில் யாருக்கும் அரிப்பு உண்டா என்றார். இல்லை என்றேன். கழிவு ஒயில் பூசினீர்களா என்று கேட்டபோது மட்டும் என்னை உற்றுப் பார்த்தார். இல்லை என்றதும், நக்கினால் அது நஞ்சு என்றார். பிறகு முடி கொட்டிய இடத்தில் தோலைப் பிதுக்கி, சின்னக் கத்தியால் லேசாக இரத்தம் கசியும்வரை சுரண்டி, கண்ணாடித் தகட்டில் எண்ணெய்த் துளியோடு வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

"அக்கா, வாங்க. பாருங்க."

பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்திருந்த அந்தக் கருவியில் முதன்முதலாகக் கண்ணை வைத்தேன். வெளிச்சத்துக்குள் நீளமான உடம்புகள் கிடந்தன. பின்பக்கம் வாலைப்போல் கூம்பியிருந்தது. முன்பக்கம் குட்டையான எட்டுக் கால்கள். அந்தக் கால்கள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. இரண்டு மாதமாக நான் தடவிக்கொடுத்த தோலுக்குள் இத்தனை உயிர்கள் நடந்திருக்கின்றன.

எல்லா நாயிலும் கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி கொஞ்சம் இருக்கும் என்றார் வைத்தியர். பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வருவது. மயிர்க்கால்களுக்குள் சும்மா கிடக்கும். வயிற்றில் பூச்சி, சத்துக் குறைவு என்று உடம்பு தளர்ந்தால் பெருகிவிடும்.

"புள்ளைங்களுக்கு ஒட்டுமா மிஸ்?"

"ஒட்டாது. மனுசனுக்கு வேற சாதி இருக்கு. உங்க முகத்திலயும் இருக்கும், என் முகத்திலயும் இருக்கும்."

என் கை தானாகப் புருவத்துக்குப் போனது. அன்று சாயங்காலம் இதைச் சொன்னதும் கணவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

நாயின் எடையைப் பார்த்து மாதம் ஒரு மாத்திரை, பூச்சி மருந்து, புண்ணான இடத்துக்குக் கழுவும் மருந்து. முடி வந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தாமல், அடுத்தடுத்து இரண்டு முறை சுரண்டிப் பார்த்து உண்ணி இல்லையென்று தெரியும்வரை கொடுக்கச் சொன்னார். சோற்றோடு நெத்தலியும் முட்டையும் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கால்களில் அசைவில்லை. மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும் தகட்டில் ஒன்றுமே இல்லை.

கைக்குழந்தைக்காரியான அந்தத் தாய்க்கு, ஒட்டாது என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வரவில்லை. கடைசித் தடவை அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். வைத்தியரே எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினார். திரும்பி வரும்போது அவள் தயங்கித் தயங்கிக் குட்டியின் நெற்றியில் விரலை வைத்தாள். வெறுந்தோலாய்க் கிடந்த இடத்தில் முடி முளைத்திருந்தது. பழைய முடியைவிடக் கொஞ்சம் கறுப்பு, பிறந்த பிள்ளையின் தலைமுடிபோல் மென்மை.

"எப்படிக்கா இது தானா வருது?" என்றாள்.

கொட்டகலை வரும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.