பனியில் வெறுங்கால்

பனியில் வெறுங்காலோடு நடந்தவர்கள் என்று எனக்கு இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் எரித்திரியா அன்ரி. மற்றவர் என் அம்மா. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே தடத்தில் நடந்தார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

ஜெர்மனியின் பான் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் அம்மா துப்பரவு வேலை செய்தார். பள்ளி முடிந்ததும் நானும் அங்கேதான் போவேன். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் அன்ரி இருந்தார். எரித்திரியாவிலிருந்து கடல் கடந்து இத்தாலிக்கும், அங்கிருந்து இங்கேயும் வந்தவர். அவரை இத்தாலிக்கே திருப்பி அனுப்ப இருந்தபோது பாதிரியார் தேவாலயத்தில் அடைக்கலம் கொடுத்தார். குறித்த நாள் வரைக்கும் தேவாலய வளவுக்குள் இருந்துவிட்டால் அவருடைய அகதி விண்ணப்பத்தை இந்த நாட்டிலேயே எடுப்பார்கள். வளவுக்கு வெளியே பொலிசின் கண்ணில் பட்டால் விமானம்தான். இதெல்லாம் இப்போது நான் சொல்வது. அன்றைக்கு அம்மா எனக்குச் சொன்னது வேறு.

"அன்ரி விரதம் பிடிக்கிறா. படலையைத் தாண்ட மாட்டா. பள்ளிக்கூடத்திலை ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

நான் நம்பினேன். புதனும் வெள்ளியும் அன்ரி இறைச்சி தொடமாட்டார், பால்கூடக் குடிக்கமாட்டார். வெள்ளைப் பருத்திச் சால்வையால் தலையை மூடி, சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று மணிக்கணக்காகச் செபிப்பார். ஜெர்மன்காரர் சப்பாத்தோடு சாமி கும்பிடுவதை என்றைக்குமே மனதார ஏற்றுக்கொள்ளாத அம்மாவுக்கு அதில் பெரிய திருப்தி. எங்கட ஆக்கள் மாதிரி என்பார். அம்மா சைவம், அன்ரி கிறிஸ்தவம். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை டொச், அதாவது ஜெர்மன் மொழி, மட்டும்தான்.

அன்ரி செபிக்கும் சத்தம் பாட்டாகவும் இருக்காது, பேச்சாகவும் இருக்காது. நான் மர வாங்கில் படுத்துக்கொண்டு, நிறக் கண்ணாடிகளின் வெளிச்சம் நிலத்தில் ஊர்ந்து ஊர்ந்து அவருடைய பாதங்களில் ஏறுவதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். அந்தப் பாதங்கள் ஒருநாள் நீலம், ஒருநாள் சிவப்பு. அவர் எதற்கும் பயப்பட்டு நான் கண்டதில்லை, தண்ணீரைத் தவிர. கடலில் அவரோடு படகில் வந்தவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. அம்மா வாளியில் தண்ணீர் நிறைக்கும்போதுகூட அன்ரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குறித்த நாளுக்குப் பதினொரு நாள் இருந்தபோது பனி கொட்டியது. தெரு, மதில், சைக்கிள்கள் எல்லாம் அடையாளம் தெரியாமல் வெள்ளையாகிவிட்டன. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் மெல்லப் படலையைத் திறந்து எதிரிலிருந்த பூங்காவுக்குப் போனேன். உறைந்த குளத்தில் ஏறக்கூடாது என்று பள்ளியில் படம் போட்டுச் சொல்லித் தந்திருந்தார்கள். படத்தில் இருந்தது வேறு குளம் என்று எனக்குப் பட்டது. நாலாவது அடியில் பனிக்கட்டி விட்டுப்போனது.

கழுத்துவரை தண்ணீர். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வெள்ளைக்குள்ளிருந்து இன்னொரு வெள்ளை அசைந்து வந்தது. செபத்தின் நடுவில் அப்படியே எழுந்து ஓடி வந்திருந்தார் அன்ரி. சப்பாத்து வாசலிலேயே இருந்திருக்க வேண்டும். பனிக்கட்டியில் குப்புறப் படுத்து, தண்ணீரைப் பார்க்காமல் என் கண்களையே பார்த்தபடி ஊர்ந்து வந்து, சால்வையின் ஒரு முனையை எறிந்தார். அவருடைய வாய் அந்தச் செபத்தை விடவேயில்லை.

என்னைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பி ஓடியபோதுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. விரதத்தை முறித்துவிட்டீர்களே, கடவுள் கோபிக்கமாட்டாரா என்று டொச்சில் கேட்டேன். அவர் மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"கடவுள் படலைக்கு வெளியிலும் இருக்கிறார்."

மண்டபத்தில் அம்மா என்னை ஹீற்றருக்குப் பக்கத்தில் போர்வையால் சுற்றி இருத்தினார். நாயோடு நடந்துபோன யாரோ அவசர எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். தூரத்தில் சைரன் கேட்டது. அம்மா யன்னலால் எட்டிப் பார்த்தார். படலையிலிருந்து குளம்வரை பனியில் வெறுங்கால் தடங்கள். அம்மா அன்ரியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். ஈரச் சால்வையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனார்.

நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒவ்வொரு தடத்துக்குள்ளும் தன் காலை வைத்து வைத்துக் குளம்வரை போய், அப்படியே திரும்பி வந்தார். அம்மாவின் கால் சின்னது. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. என்னைச் சேர்க்கவில்லையே என்று குறைப்பட்டேன்.

அம்புலன்ஸோடு பொலிசும் வந்தது. பிள்ளையை வெளியே எடுத்தது யார் என்று கேட்டார்கள். பொலிஸ்காரரைக் கண்டாலே வீதியின் மற்றப் பக்கம் மாறுகிற அம்மா, நடுங்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, "நான்" என்றார். பொலிஸ்காரர் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார். இது பொய் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் ஒரு சொல்லும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, பின்னேரம் சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அன்ரி அம்மாவைக் கதிரையில் இருத்தினார். ஒரு பேசின் நிறைய இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தானே ஏந்திக்கொண்டு வந்தார். முழங்காலிட்டு, தண்ணீரையே பார்த்தபடி, அம்மாவின் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்தது நான், இழுத்தது அன்ரி. மற்றவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக் கைகுலுக்கல் வாங்கியவருக்கா இந்த உபசாரம்?

அதன் பிறகு அம்மாவோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குறித்த அந்தப் பதினோராம் நாள் அன்ரி சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, சப்பாத்தோடு, தானே படலையைத் திறந்து தெருவில் இறங்கினார். அம்மா படலையைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதார். சொன்ன பொய்யை நினைத்து வருந்துகிறார் என்று முடிவு கட்டி, அன்றைக்குத்தான் நான் அம்மாவை மன்னித்தேன்.