ஒரு ஜோடி சங்கிலி

மின்கோபுரத்துக்கான இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு லாரிகள் காஷ்மீருக்குக் கிளம்பின. முன்லாரியை ஓட்டியவர் மீஞ்சூர் யேசுதாஸ். பின்லாரியை ஓட்டியவன் அவர் மனைவி மேரியின் தம்பி ராபின். இருவருக்கும் ஒரே முதலாளி. யேசுதாஸுக்கு வடக்குப் பாதை பழக்கம்தான். ஆனால் பனிக்காலத்தில் மலை ஏறியதில்லை. ராபினுக்கு அதுதான் முதல் நெடுந்தூரப் பயணம்.

மலையடிவாரத்தில் போலீஸ் மறித்தது. பனி விழும் நாட்களில் டயர்களில் சங்கிலி மாட்டாத வண்டி மேலே போகக் கூடாதாம். காரானாலும் லாரியானாலும் அதே சட்டம். சங்கிலி பனிக்கட்டியைக் கவ்விக்கொள்ளும், வெறும் டயர் வழுக்கிவிடும் என்று ஒரு பஞ்சாபி டிரைவர் கையை வைத்தே காட்டினார். யேசுதாஸ் முதலாளிக்குப் போன் போட்டார்.

"நம்ம வண்டிக்கு இன்னாத்துக்குயா சங்கிலி? எப்டியாவது சமாளிச்சுப் போங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

சாலையோரக் கடையில் லாரிக்கான சங்கிலி ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. அதை வாங்கிவந்து தன் வண்டியின் பின்சக்கரங்களில் மாட்டினார் யேசுதாஸ். விரல்கள் மரத்துப்போயின. ராபின் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தான்.

"நீ இங்கயே இரு ராபின். நான் லோடு எறக்கிட்டு இதே சங்கிலிய எடுத்துக்கினு வர்றேன்."

"இந்தக் குளுர்ல தனியா குந்திக்கினு இன்னா மாமா பண்றது? பாஷையும் தெரியாது. நீ முன்னாடி போ, உன் டயர் தடத்துலயே நான் வந்துகினு இருக்கேன்."

"வேணாம்னு சொல்றேன்ல."

ராபின் தலையாட்டினான்.

அன்றிரவு பனி கொட்டியதில் பாதையை மூடிவிட்டார்கள். மறுநாள் பனி நின்று பாதை திறந்ததும் வண்டிகள் முண்டியடித்தன. எல்லாச் சக்கரங்களையும் போலீஸால் குனிந்து பார்க்க முடியவில்லை. பாதி மலை ஏறிய பிறகுதான் யேசுதாஸ் கண்ணாடியில் ராபினின் லாரியைப் பார்த்தார். நிறுத்த இடமில்லை; பின்னால் வண்டி வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது. கையை வெளியே நீட்டி, மெதுவா, மெதுவா என்று காட்டிக்கொண்டே போனார். ராபின் பதிலுக்கு விளக்கைப் போட்டு அணைத்தான்.

உச்சியைத் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. யேசுதாஸின் வண்டி திரும்பியது. ராபினுடையது திரும்பவில்லை. ஒரு அவசரமும் இல்லாததுபோல நேராகச் சறுக்கிப் போய் ஓரத்தைத் தாண்டியது.

போலீஸ் சொல்லைக் கேட்காமல் ஓட்டியது டிரைவர் தப்பு என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். மீஞ்சூர் கல்லறைத் தோட்டத்தில் ராபினைப் புதைத்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு அவன் மனைவி சோனியா யேசுதாஸிடம் வந்தாள்.

"அண்ணே, அங்க சங்கிலி ஒரு ஜோடிதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"அத உங்க வண்டிக்கு மாட்டிக்கினீங்க."

சொல்லிவிட்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

இப்போது யேசுதாஸ் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டுகிறார். சமதளப் பாதை, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். மேரி சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள். தம்பியைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. சோனியா சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும்போது அவர் லாரி கடந்துபோகும். சாம்பல் பறந்துவிடக் கூடாதென்று அவர் வேகத்தைக் குறைப்பார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.